எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்காத காலை

இத்தாலியின் பலெர்மோ நகரில் முதன்முதலாக அரிசி மூட்டை இறக்கி விற்ற தமிழன் நான். கபோ சந்தைக்குப் பின்னால், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாத ஒடுக்கமான கடை. மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள்.

கார் திருத்துகிற பழைய கராஜ் ஒன்றின் சுவரில் படிந்திருந்த கரியைச் சுரண்டி, எண்ணெய் ஊறிய நிலத்தைச் சோடாத் தூள் போட்டுத் தேய்த்து, அதைக் கோயிலாக்கியவர்களில் முன்னுக்கு நின்றவன் நான். பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் காடு பிடித்த தோட்டத்தைத் தனி ஆளாகத் திருத்தியவன். இரண்டு பெண்பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரைக்கும் படிப்பித்தவன். இவ்வளவும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. இத்தாலியன் மொழியைக்கூட நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஏணியில் நின்று யன்னல் துடைத்துக்கொண்டு, உள்ளே கதைப்பவர்களின் வாயைப் பார்த்துப் படித்தேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கடை திறந்த கதையை வாசித்துவிட்டு ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். “ஐயா, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பட்டதே இல்லையோ?” என்று கேட்டார்.

பயந்திருக்கிறேன். இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

ஒரு துளி

காட்டுக்குள் முழங்காலில் நிற்கிறேன். பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். ஆனால் மலை முழுக்க மூடுபனிப் புகார் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. ஈர இலையின் மணம். எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

எனக்கு முன்னால் நிலத்தில் செம்மஞ்சள் இலை ஒன்று. அதன்மேல் ஒரு மிளகளவு இரத்தம். விரலால் தொட்டேன். காயவில்லை.

அந்தக் காட்டில் அம்பு பட்ட மான் ஒன்று இருந்தது. அது நிச்சயம். அதைத் துரத்திப் போன மனிதர் ஒருவரும் இருந்தார். இருபது வருடம் நான் சம்பளம் வாங்கிய வீட்டின் தலைவர். காலையில் போனவர் இன்னும் வரவில்லை. இந்தத் துளி மானுடையதா அவருடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

எப்படி அங்கே வந்து நின்றேன் என்பதை முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

சஷ்டி விரதமும் வில்லும்

அவரை நாங்கள் எல்லோரும் தொத்தோரே என்போம், படித்த பெரியவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வழக்கறிஞர். நான் பலெர்மோவில் வேலை செய்த வீடுகளில் கடைசி வீடு அவருடையதுதான். வேலையிலிருந்து ஓய்வெடுத்தபின் வேறு ஆண்கள் சீட்டு விளையாடுவார்கள், நாய் வளர்ப்பார்கள். இவர் வில் எடுத்தார். பழைய கதைகளில் வருகிற வளைந்த மூங்கில் இல்லை. இரண்டு நுனியிலும் கப்பி பூட்டிய கறுத்த வில். அம்பின் தலையில் சவர அலகுபோல மூன்று தகடு.

அவர் மனைவி சிஞோராவின் குடும்பத்துக்கு மடோனியே மலையில் ஒரு கல்வீடும் காடும் உண்டு. அந்தப் பக்கத்தில் மான்கள் பெருகி, மரக்கன்றுகளையெல்லாம் தின்று தீர்க்கின்றன. அனுமதி எடுத்தவர்கள், அரசாங்கம் சொல்லிய நாட்களில் சொல்லிய கணக்குக்கு வேட்டையாடலாம். தொத்தோரேயிடம் கடதாசிகள் எல்லாம் சரியாக இருந்தன. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பிறகு ஒருவரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

மூன்று நான்கு வருடத்துக்கு முந்திய ஐப்பசி. நான் அந்த வீட்டு வேலையை விட்டுக் கனகாலம். இருந்தாலும் அவர் கூப்பிட்டார். “ராஜா, நாலு நாள் வா. உன்ரை கையாலை சமைச்சால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.” அவர் இத்தாலியனில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். செல்வராசா என்ற முழுப் பேர் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

பிரச்சினை என்னவென்றால் அது கந்தசஷ்டி வாரம். நான் விரதம்.

“விரதம் பிடிச்சுக்கொண்டு கொலை பாக்கப் போறியளோ?” என்றாள் என் மனைவி பவளம்.

“நான் ஒண்டையும் கொல்லேல்லையப்பா. சமைக்கத்தான் போறன்.”

“மானைச் சமைக்கவோ?”

“அதுக்கு அந்தோனியைக் கூட்டிக்கொண்டு போறன். அவன் வேதக்காரன். அவனுக்குச் சஷ்டி இல்லை.”

“நல்லாத்தான் ஆள் பிடிச்சியள். பாவத்தை அவன்ரை தலையிலை ஏத்திப்போட்டு நீங்கள் பாலும் பழமும் சாப்பிடுங்கோ.”

அந்தோனி மன்னார்ப் பக்கம். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கிறான். என்னிலும் பத்து வயது இளமை. கை எவ்வளவு வேகமோ வாய் அதிலும் வேகம். அவனுடைய பெர்மெஸோ, அதாவது இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. அடுத்த வாரம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் கைரேகை வைக்கப் போக வேண்டும். இதை மறக்காமல் வைத்திருங்கள். அந்தக் காட்டில் அவனுடைய பயத்துக்கு அதுதான் காரணம்.

வான்கோழி

கல்வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தூரி. அறுபது வயது, குறுகிய கால், லம்போ என்ற ஒரு நாய். அவர் வளர்த்த வான்கோழி ஒன்று இரண்டு வருடத்துக்கு முதல் கூட்டை விட்டுக் காட்டுக்குள் ஏறிவிட்டதாம். ஓக் மரத்தில் படுக்கிறதாம். ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. “தொத்தோரே, மானை விடுங்கோ. முதல்லை உந்தச் சனியனை அடியுங்கோ” என்றார்.

முதல் நாள் நான் வீட்டுக்குப் பின்னால் தனியாக விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இலை சரசரத்தது. நின்றேன். அதுவும் நின்றது. இரண்டு அடி வைத்தேன். அதுவும் இரண்டு அடி வைத்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் காடு என்றால் விறகும் இல்லை, தேனும் இல்லை. நான் ஐரோப்பாவுக்குள் வந்தது காட்டு வழியாக. ஏஜென்சிக்காரன் எங்கள் ஒன்பது பேரை ஓர் எல்லைக் காட்டில் விட்டுவிட்டு, “பகல் முழுக்க இலையை மூடிக்கொண்டு கிடவுங்கோ, இருமினால்கூடக் கேக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். கிடந்தோம். என் காதுக்குள் ஒரு பூச்சி போனது. கையைத் தூக்கவில்லை. தூரத்தில் சப்பாத்துச் சத்தம் வந்தது, நின்றது, வந்தது, நின்றது. அன்று யாரும் எங்களைப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவும் இல்லை. இன்றும் பகேரியா மாளிகைத் தோட்டத்தில் காய்ந்த இலை கூட்டும்போது நான் முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துத்தான் கூட்டுவேன்.

ஆகவே அன்று விறகைப் போட்டுவிட்டு முருகா என்று கண்ணை மூடினேன். திறந்தபோது முன்னால் வான்கோழி நின்றது. கழுத்துத் தோல் சிவந்து தொங்க, கடன் கேட்க வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தது.

அந்தோனி குசினி யன்னலால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

“அண்ணை, கும்பிட்டது முருகனையோ, வான்கோழியையோ?”

“வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தை வெட்டு.”

“இல்லை, முருகன்ரை மயில் கொஞ்சம் கொழுத்துப் போச்செண்டு நினைச்சியளோ எண்டு கேட்டன்.”

பின்னேரம் தொத்தோரே அந்த வான்கோழிக்கு ஒரு அம்பு விட்டார். அம்பு மரத்தில் ஏறியது. வான்கோழி அவசரப்படாமல் நடந்து போனது. தூரி சிரித்த சிரிப்பில் நாயே எழும்பிவிட்டது.

சத்தமில்லாத வேட்டை

இரண்டாம் நாள் மான் விழுந்தது.

துவக்கால் சுட்டால் நாலு மலைக்குக் கேட்கும். வில்லில் அப்படி இல்லை. மரத்தில் ஒரு சின்ன இருக்கையைக் கட்டி, வேட்டைக்காரர் அதில் மணிக்கணக்காக அசையாமல் இருப்பார். மான் கிட்ட வந்தபின் ஒரு கொட்டாவிச் சத்தம்கூட இல்லாமல் அம்பு போகும். மானுக்கே உடனே தெரியாது. அது ஓடும். அப்போது பின்னால் ஓடக்கூடாது. அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடி, எங்கேயோ கிடந்து வீணாகச் சாகும். பொறுத்தால் பக்கத்தில் படுத்துவிடும். அதற்குப் பிறகு இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். ஒவ்வொரு துளிக்கும் பக்கத்துக் கொப்பில் ஒரு துண்டுக் கக்கூஸ் கடதாசி தொங்கவிட வேண்டும். அப்போதுதான் தடம் தவறினாலும் திரும்பி வந்து பார்க்கலாம்.

தொத்தோரே கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து தேடினார். நாலாவது துளியோடு அவருக்குத் தடம் விட்டுப்போனது. நான் சும்மா பின்னால் நின்றவன். “அந்தா, அந்தப் புல்லின்ரை கீழ்ப்பக்கம்” என்றேன். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. இருபது வருடம் வெள்ளைச் சலவைக்கல் படியில் ஒரு கோப்பித் துளியைக் கண்டுபிடித்த கண் இது. சிஞோராவுக்கு முதல் நான் காண வேண்டும், அதுதான் என் வேலையாக இருந்தது. இருநூறு அடிக்கு மேல் அவரை நான் கூட்டிக்கொண்டு போனேன். மான் ஒரு பன்னச் செடிப் பற்றைக்குள் படுத்துச் செத்திருந்தது.

“ராஜா, நீ பிறவியிலையே வேட்டைக்காரன்” என்றார் தொத்தோரே. போகிற வழியில் அவர் எனக்குப் பாடமும் எடுத்தார். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நெஞ்சில் பட்டது, கிட்டத்தில் கிடக்கும். கறுத்த சிவப்பு என்றால் வயிற்றுப் பக்கம், இன்னும் பொறுக்க வேண்டும். நான் கேட்டுவைத்துக்கொண்டேன். மனித இரத்தம் இலையில் என்ன நிறமாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. யார் அப்படிக் கேட்பார்கள்?

விழுங்கிய கேள்வி

மூன்றாம் நாள் காலை.

தூரி தன் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காக நாயையும் ஏற்றிக்கொண்டு கீழே பட்டினத்துக்குப் போய்விட்டார். தொத்தோரே வழக்கமாக எந்த மரத்துக்குப் போகிறேன் என்று தூரியிடம்தான் சொல்வார். அன்று சொல்ல ஆள் இல்லை. கோப்பியைக் குடித்தார். வில்லை எடுத்தார். வாசலைத் தாண்டினார்.

அந்தோனி குசினிக்குள் இருந்து வாயைத் திறந்தான். “தொத்தோரே, எங்கை—”

நான் அவன் காலை மிதித்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளிக்கிட்டுப் போகிறவரை எங்கே போகிறாய் என்று மறித்துக் கேட்பது கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும். கேட்கத்தான் வேண்டும் என்றால் துலைக்கோ என்று கேட்போம். தூரமா என்று அர்த்தம். விருப்பமென்றால் அவர் சொல்லுவார். அதுவும் விரத நாள், அதுவும் கையில் ஆயுதத்தோடு போகிறவர். பவளத்தின் சொல் வேறு எனக்குள் குத்திக்கொண்டிருந்தது. ஆகவே நான் மரியாதையாக, “துலைக்கோ, தொத்தோரே?” என்று இத்தாலியனில் கேட்டேன்.

“இல்லை, கிட்டத்தான்” என்று கையை ஒரு வீச்சு வீசினார். அந்த வீச்சில் மலையின் பாதி அடங்கும்.

“ஏன் அண்ணை மிதிச்சியள்?”

“போறவனை எங்கையெண்டு கேக்கிறதே? உனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?”

“நாங்கள் போகேக்கை சிலுவை அடையாளம் போட்டுட்டுப் போவம். எங்கையெண்டும் கேப்பம்.”

அவன் சொன்னது சரி. அதை இன்று எழுதுகிறேன்.

இரண்டு மணி

ஒரு மணிக்கு மேசையில் பாஸ்தா இருக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் அது ஒருநாளும் பிந்தியதில்லை. ஒன்றரை ஆனது. பாஸ்தா இறுகிவிட்டது. அந்தோனி அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தண்ணீர் வைத்தான். இரண்டு மணியானபோது புகார் யன்னல் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வீட்டில் கைத்தொலைபேசிக்கு அலை கிடையாது. மேலே முகட்டுக்கு முக்கால் மணித்தியாலம் ஏறினால்தான் வரும்.

அடுப்பை அணைத்தேன். போட்டிருந்த ஏப்ரனோடேயே வெளிக்கிட்டோம்.

அவருக்கு இரண்டு மரம் இருந்தது எங்களுக்குத் தெரியும். ஒன்று கிழக்கில், ஒன்று நீரோடைப் பள்ளத்துப் பக்கம். எது? கேட்டிருந்தால் தெரியும். கிழக்குக்குப் போனோம். இருக்கை வெறுமையாகத் தொங்கியது. கீழே இலை கலையவில்லை. திரும்பி மற்றப் பக்கம் நடந்தோம். அந்த நடையிலேயே ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

பள்ளத்து மரத்தில் அவருடைய தண்ணீர்ப் போத்தல் கொளுவியிருந்தது. கீழே இலையில் இரத்தம். வில் இல்லை, ஆள் இல்லை.

“மான் பட்டிருக்கு, பின்னாலை போயிட்டார். அவ்வளவுதான்” என்றேன்.

“காலமை பட்டதெண்டா இவ்வளவு நேரம் ஏன் அண்ணை?”

நாங்கள் கத்தினோம். புகாருக்குள் கத்துவது பஞ்சு மூட்டைக்குள் கத்துவது போல. பதில் இல்லை.

அந்தோனியின் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணை, ஆளுக்கு ஏதும் நடந்திருந்தா என்ன நடக்கும் தெரியுமே? ரெண்டு வெளிநாட்டுக்காரர், ஒரு பணக்கார வக்கீல், இரத்தம், அம்பு. கராபினியேரிப் பொலிஸ் வந்தா முதல் கேள்வி எங்களைத்தான். எனக்கு அடுத்த கிழமை குவெஸ்தூரா.”

எனக்கும் அதே எண்ணம் வந்திருந்தது. வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியவன் நான்தானே.

“நீ முகட்டுக்கு ஏறு. தூரிக்கு எடு. ஆம்புலன்சுக்கும் எடு. ஒண்டையும் மறைக்காதை.”

“நீங்கள்?”

“நான் உந்த இரத்தத்துக்குப் பின்னாலை போறன்.”

“தனியவோ? வான்கோழிக்கே கண்ணை மூடின ஆள் நீங்கள்.”

அவன் பகிடி விடவில்லை. கண் கலங்கியிருந்தது. போகும்போது தன் சட்டைப்பைக்குள் இருந்து ஒரு கட்டுக் கைதுடைக்கும் கடதாசியை எடுத்துத் தந்தான். அவன் வேலை செய்கிற கடையினது. ஒவ்வொன்றிலும் நீல மீன் படம். தொத்தோரேயின் கடதாசிச் சுருள் அவர் பைக்குள் போய்விட்டது, எனக்குத் தடம் வைக்க வேறொன்றும் இல்லை.

முட்பற்றை

முதல் பத்து மீன் கடதாசியைக் கொப்புகளில் குத்தினேன். துளிகள் கிட்டக்கிட்ட இருந்தன. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஐந்து மீன் மட்டும் தெரியும், மிச்சத்தைப் புகார் விழுங்கிவிடும். என் சேர்ட் மண்ணிறம், தொப்பி மண்ணிறம். புகாருக்குள் குனிந்து போகிற மண்ணிற உருவத்தை வேறொரு வேட்டைக்காரன் என்ன என்று நினைப்பான்? நிமிர்ந்து நடக்கப் பார்த்தேன். நிமிர்ந்தால் துளி தெரியவில்லை. திரும்பவும் குனிந்தேன்.

விரத வயிறு. காலையில் குடித்த பால்தான்.

பிறகுதான் அந்தத் துளி. நான் முதலில் சொன்ன துளி. முழங்காலில் நின்றேன். ஏன் நின்றேன் என்றால், அதற்குச் சற்று முன்னால் இலைகள் நீளமாக உழப்பட்டிருந்தன. ஒரு குதி வழுக்கின அடையாளம். பக்கத்தில் ஓர் அம்பு கிடந்தது. அம்பின் மூன்று தகடும் சிவப்பு. வில்லில் அம்பைக் கொளுவிக்கொண்டு நடக்கக்கூடாது என்று எனக்கு அவரே முதல் நாள் சொன்னவர். மானைக் கண்ட அவசரத்தில் கொளுவிக்கொண்டு நடந்திருக்கிறார். வழுக்கியிருக்கிறார்.

அங்கிருந்து இரத்தம் இரண்டு பக்கம் போனது. ஒன்று மேலே. ஒன்று கீழே. இரண்டும் ஒரே சிவப்பு.

வாழ்க்கையில் அவ்வளவு பயம் நான் பட்டதில்லை. பிழையான பக்கம் போனால் செத்த மானைக் கண்டுபிடிப்பேன். அந்த நேரத்துக்குள் மற்றப் பக்கத்தில் மனிதர் முடிந்துவிடுவார். சிஞோராவின் முகம் வந்தது. தொத்தோரே, எங்கை போறியள் என்ற மூன்று சொல். மிதித்த என் கால்.

அழுதேன். அழுதுகொண்டே பார்த்தேன். கண் வேலை செய்தது.

மேலே போன தடம் ஒரு முட்பற்றைக்கு வந்து, அதற்குள்ளேயே நேராக நுழைந்து போயிருந்தது. முழங்கால் உயரத்தில் முள்ளில் இரத்தம் தேய்த்திருந்தது, கூடவே இரண்டு மூன்று மயிர். கீழே போன தடம் அடுத்த முட்பற்றைக்கு வந்து, அதைச் சுற்றிப் போயிருந்தது. துளி எல்லாம் ஒரு பக்கத்தில் மட்டும். மான் முள்ளுக்குள் புகுந்து போகும். சப்பாத்துப் போட்ட வழக்கறிஞர் சுற்றித்தான் போவார்.

நான் கீழே போனேன். மீன்களைக் கிழித்துப் பாதியாக்கினேன், முடிந்துவிடும் என்ற பயத்தில்.

பன்றி தேவாரம் பாடாது

பள்ளத்தின் அடியில், காய்ந்த ஓடைக் கல்லில் சாய்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பு. தொடையில் இடுப்புப் பட்டியை இறுக்கியிருந்தார். பட்டிக்குக் கீழே களிசான் துணி கறுத்து ஒட்டியிருந்தது.

“ராஜா? நீயோ?”

“ஓம் தொத்தோரே. நான்தான்.”

ஏப்ரனைக் கழற்றிக் காயத்தின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அமத்தினேன். என் விரதம் அந்த இடத்தில் முடிந்தது. முடிந்தால் முடியட்டும். சூடாக என் விரல்களுக்கிடையால் வந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“எவ்வளவு நேரம் கத்தினன் தெரியுமோ?” என்றார்.

“நீங்கள் எங்கை போனியளெண்டு தெரிஞ்சிருந்தா முதலே வந்திருப்பன்.”

“கேட்டிருக்கலாமே! பாஸ்தாவுக்கு எத்தினை கரண்டி உப்பெண்டு இருவது வருஷமாக் கேக்கிறாய். இதைக் கேக்கேலாமல் போச்சோ?”

சொன்னேன். எங்கள் ஆட்கள் ஏன் கேட்பதில்லை என்று, காயத்தை அமத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அப்ப என்ரை நன்மைக்காகத்தான் கேக்கேல்லை.”

“ஓம்.”

“இனிமேல் எனக்குக் கெடுதல் நினைச்சுக் கேள், ராஜா.”

சிரிக்கப் பார்த்தார். பல் அடித்தது. நித்திரை கொள்ள விட்டால் போய்விடுவார் என்று பயந்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். முதல் வழக்கு எது, சிஞோராவை முதல் எங்கே கண்டீர்கள், அந்த வீட்டில் எத்தனை யன்னல். பதினேழு என்றார். பத்தொன்பது, நான் துடைத்தவன் எனக்குத் தெரியாதா என்று சண்டை பிடித்தேன். கோபம் வந்தால் ஆள் முழித்திருப்பார்.

அப்போது எதிர் மலையில் துவக்கு வெடித்தது. ஒன்று, பிறகு இரண்டு. காட்டுப்பன்றிக்காரர்கள். நாய்கள் குரைத்தன. சத்தம் எங்கள் பக்கம் வந்தது. பள்ளத்துக்குள் பற்றை அசைவதை அவர்கள் கண்டால் கேள்வி கேட்பார்களா? இலையை மூடிக்கொண்டு கிட, மூச்சு விடாதே என்று உடம்பு பழைய பாடத்தைச் சொன்னது. அந்த எல்லைக் காட்டில் என்னைக் காப்பாற்றிய பாடம். இங்கே அதைச் செய்தால் இரண்டு பேரும் முடிந்தோம்.

தேவாரம் பாடினேன். கோயிலில் ஒலிவாங்கி இல்லாமல் பாடுகிற தொண்டை. முழுச் சத்தத்தோடு பாடினேன். எந்தப் பன்றியும் தேவாரம் பாடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். துவக்குச் சத்தம் நின்றது. நான் நிறுத்தவில்லை. தெரிந்த பதிகம் எல்லாம் முடிந்து, முதலில் இருந்து திரும்பத் தொடங்கினேன்.

இருட்டுவதற்கு முதல் அவர்கள் வந்தார்கள். முன்னால் லம்போ, பின்னால் ஞானஸ்நானக் கோட்டோடு தூரி, அவருக்குப் பின்னால் காட்டு இலாகாக்காரர்களும் தூக்குப் படுக்கையும். கடைசியில் அந்தோனி, கை நிறைய நீல மீன்களோடு. வருகிற வழியில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

“அண்ணை, நீங்கள் மீன் விட்ட வழியிலைதான் வந்தம்” என்றான். சொல்லிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

எழுத வேண்டியது

தொத்தோரே பிழைத்தார். இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று மருத்துவர் சிஞோராவிடம் சொன்னாராம்.

இப்போது அவர்களுடைய வேட்டைச் சங்கம் ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்கிறது. என் இளைய மகள் கொண்டுவந்து காட்டினாள். அதில் ஒரு முழுப் பக்கப் படம்: தொத்தோரே கதிரையில், காலடியில் லம்போ. கீழே, புகாருக்குள் காயப்பட்டுக் கிடந்தவரைக் கண்டுபிடித்த நாய் என்று எழுதியிருக்கிறது. நான் இல்லை. அந்தோனி இல்லை. ஒரு மீன்கூட இல்லை.

தொலைபேசி எடுத்தேன். “தொத்தோரே, நாய் எத்தினை மணிக்கு வந்தது?”

“ராஜா, கோபிக்காதை. சங்கத்திலை எல்லாருக்கும் நாயைப் பிடிக்கும்.”

நாயை எனக்கும் பிடிக்கும். அதற்கு நான் எலும்பு கொடுத்தவன். ஆனால் அது நான் போட்ட வழியில் நடந்து வந்த நாய்.

இந்தப் பகுதியை என் மகள் இத்தாலியனில் எழுதித் தருவாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். அடுத்த புத்தகத்தில் என்ன எழுத வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போகிறவரை எங்கே என்று கேட்காமல் விட்டவன் செல்வராசா. கேட்க வந்தவனையும் தடுத்தவன் அவன். அந்தப் பிழையை மறைக்க வேண்டாம், அதையே முதல் வரியில் போடுங்கள். முகட்டுக்கு ஓடி உதவி கூப்பிட்டவன் அந்தோனி. தனியாக, நடுங்கிக்கொண்டு, இரத்தத்தின் பின்னால் போய் ஆளைக் கண்டுபிடித்தவன் செல்வராசா. ராஜா என்று போட வேண்டாம். முழுப் பேர்.

அதை நாயின் படத்துக்குக் கீழே போட வேண்டாம். மேலே போடுங்கள். நான்தான் முதல் வந்தேன்.